கனகண்ணையைச் சாகடித்த கதை

1

ஆங்கிலேயரிடம் ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. ஒருவன் தன் வாயாலோ கையாலோ, தப்ப வழியில்லாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், ‘அவன் பெயின்ட் அடித்து அடித்துத் தானே மூலைக்குள் போய்விட்டான்’ என்பார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தரையில் படித்தேன்.

லண்டனுக்கு வந்த புதிதில், நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் களஞ்சிய அறைத் தரைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். நீர்வேலியில் நாங்கள் சுவருக்குத்தான் பெயின்ட் அடிப்போம். சுவருக்கு அடிப்பவன் எங்கே தொடங்கினாலும் வெளியே வந்துவிடலாம். வாளி வாசலில் இருந்தபடியால் நான் வாசலில் தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் வாசல்வரை ஈரம். அந்த அறைக்கு யன்னலும் கிடையாது.

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தேன். என் மேலாளர் டெரிக் வந்து எட்டிப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு இந்த வசனத்தைச் சொன்னார். கண்ணால் கண்டதைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் ஒரு சான்ட்விச்சை வாசலில் நின்று எறிந்தார். பெயின்ட் காயும்வரை அங்கேயே இருந்தேன். சில மாதங்களின் பின் தொலைக்காட்சியில் ஒரு அமைச்சரைப் பற்றி இதே வசனத்தைச் சொன்னார்கள். அவர் கையில் பிரஷ் இருக்கவில்லை. அன்றைக்குத்தான் இது எனக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல என்று விளங்கியது.

பயன்பாடு பற்றி ஒரு குறிப்பு. எல்லாக் கஷ்டத்துக்கும் இதைச் சொல்ல முடியாது. வெள்ளம் வந்து வீட்டுக்குள் அகப்பட்டால் பொருந்தாது. விசா மறுத்தாலும் பொருந்தாது. சண்டைக்குள் அகப்பட்ட சனத்தைப் பற்றிச் சொன்னால் பாவம். பிரஷ் உங்கள் கையிலேயே இருந்திருக்க வேண்டும். அதுதான் இதன் நிபந்தனை.

சென்ற மாதம் உடுவிலில் ஒரு ஆங்கில வகுப்பின் பரிசளிப்பில், நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, இவ்வளவையும் பிள்ளைகளுக்கு விளக்கினேன். பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, “சேர், ஊரிலை நடந்த ஒரு உதாரணமும் சொல்லுங்கோ,” என்றது. நல்ல உதாரணம் ஒன்று ஒரு கிழமைக்கு முன்புதான் நடந்திருந்தது. ஆனால் அதில் சம்பந்தப்பட்டவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நான் லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த வாக்கியம் முழு உண்மை. காலை ஆறு மணிக்குக் கதவுகளைத் திறக்கிறேன். கொதிகலனைப் பார்க்கிறேன். பனிக்காலத்தில் நடைபாதைக்கு உப்புப் போடுகிறேன். பிள்ளைகள் சத்தி எடுத்தால் வாளியோடு ஓடுகிறேன். ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் ‘ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது’ என்று எழுதினேன். அம்மா அதைப் பெருமையாக எல்லோருக்கும் சொன்னார். முதல் தடவை ஊருக்குத் திரும்பியபோது, வாழைக்குலை விற்கும் இடத்தில் ஒருவர் “மாஸ்ரர், வாங்கோ,” என்று விலகி வழிவிட்டார். அங்கேயே திருத்தியிருக்கலாம். அவர் வழிவிட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பேசாமல் விட்டுவிட்டேன்.

உண்மையில் என் வேலைக்குத் தேவையான ஆங்கிலம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். ஈரம், கவனம், பூட்டு, சாவி, இன்றைக்கு முடியாது. இதற்கு மேல் போனால் எனக்கு வழுக்கும். பெரியம்மா செத்தபோது விடுமுறை கேட்டு ஒரு படிவம் நிரப்பினேன். இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டு, தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்று நாலு பெட்டி வரைந்திருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பெட்டி இல்லை. அலுவலகப் பெண்ணிடம் ‘பெரிய அம்மா’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இரக்கப்பட்டு அம்மா என்ற பெட்டியில் அடையாளம் போட்டார். பெரியம்மா வளர்த்த பிள்ளை நான் என்பதால் எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மா செத்தார். அதே பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “உங்கள் தாயார் ஏற்கனவே இறந்துவிட்டாரே,” என்றார். அந்த நாளிலும் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. பிறகு கழிவறைக்குள் போய் அழுதேன்.

என் மகள் ஆரணி அங்கே பிறந்தவள். ஏழு வயதிலிருந்து என் ஆங்கிலத்தைத் திருத்தி வருகிறாள். என்னோடு அவள் தமிழில் கதைப்பது இரண்டு சமயங்களில்தான். என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால், அல்லது வெள்ளைக்காரர் முன்னால் என்னைத் திட்ட வேண்டுமென்றால். ஊரில் என் அண்ணையின் மகள் துளசிக்குக் கலியாணம் என்றதும், ஆரணி தானும் வருகிறேன் என்றாள். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் வந்திறங்கினோம்.

துளசிக்குப் பல வருடங்களாகச் சாதகம் பொருந்தாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பொருந்தி வந்த பையனைத் துளசிக்கும் பிடித்துப்போனது. இரண்டும் ஒன்றாக நடப்பது அபூர்வம். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. அந்த மாதக் கடைசிக்குள் அவர் திரும்ப வேண்டும், அடுத்த விடுமுறை எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆகவே கலியாணம் அந்த வெள்ளிக்கிழமைதான், அதைத் தள்ள இடமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

3

வந்து நாலாம் நாள் சிவபாலன் தொலைபேசி எடுத்தான். என்னோடு படித்தவன். உடுவிலில் ஆங்கில வகுப்பு நடத்துகிறான்.

“மச்சான், கலியாணம் முடிஞ்ச ஞாயிறு எங்கடை பரிசளிப்பு. நீதான் பிரதம விருந்தினர். பனரும் அடிச்சாச்சு.”

“என்னெண்டு அடிச்சனி?”

“லண்டன் ஆங்கில ஆசான் எண்டு. முக்கால் மணித்தியாலம் இங்கிலீசிலை பேசவேணும். தலைப்பு, இடுக்கணிலை பயன்படுற ஆங்கில மரபுத்தொடர்கள், பொருளும் பயன்பாடும்.”

எனக்கு ஒரு மரபுத்தொடர்தான் தெரியும். அதை எவ்வளவு இழுத்தாலும் ஐந்து நிமிடம். மிச்ச நாற்பது நிமிடமும் உடுவில் பிள்ளைகள் என் ஆங்கிலத்தைக் கேட்டால், மாஸ்ரர் பட்டம் அந்த மேடையிலேயே கழன்றுவிடும்.

“என்னாலை ஏலாது மச்சான்.”

“ஏன்?”

அந்த ஏனுக்கு, நான் பள்ளிக்கூடம் கூட்டுகிறவன் என்று பதில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் வாய் வேறு பதில் சொன்னது. “எனக்குத் துடக்கு. மங்கள விளக்கு ஏத்தேலாது.”

துடக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆரணிக்கு விளக்கியதை மட்டும் எழுதுகிறேன். தகப்பன் வழியில் ஒருவர் செத்தால், அந்த வழியில் வந்த குடும்பங்கள் எல்லாம் முப்பத்தொரு நாள் கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் போகாமல் இருப்பது. கேட்டுவிட்டு அவள், “லொக்டவுனோ?” என்றாள். ஓம் என்றேன். ஒரு அழைப்பை மறுத்து, அழைத்தவன் உங்கள் மேல் கோபிக்காமல் இருக்க யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பலமான காரணம் இல்லை. அதன் ஒரே குறை, அதற்கு ஒரு பிணம் தேவை.

“ஐயோ, ஆர் மோசம் போனது?” என்றான் சிவபாலன்.

ஊரில் இருப்பவர்களைச் சாகடிக்க முடியாது, பின்னேரம் சைக்கிளில் போவதைக் கண்டுவிடுவார்கள். ஆகவே வெளிநாடு. தாய்வழியில் சாகடித்தால் துடக்கு ஞாயிறுவரை நிற்காது. ஆகவே தகப்பன் வழி. இவ்வளவையும் ஒரு மூச்சில் யோசித்த என்னை நானே மெச்சிக்கொண்டேன். டென்மார்க்கில் இருக்கும் கனகசபை, எங்கள் சித்தப்பாவின் மகன், நான் கனகண்ணை என்று கூப்பிடுபவர், பொருத்தமாக வந்தார். அவருக்கும் என் அண்ணைக்கும் இருபது வருடமாகப் பேச்சில்லை. தோட்டத்துப் பங்குக் கிணற்றில், கனகண்ணையின் இறைப்பு முறை நாளில் அண்ணை மோட்டரைப் போட்டு வாழைக்கு இறைத்துவிட்டார். அதை யாரோ டென்மார்க்குக்கு அறிவிக்க, இரண்டு பேரும் தொலைபேசியில் கத்தி, அதோடு முடிந்தது. எனவே அங்கிருந்து இங்கே ஒரு செய்தியும் வராது.

“கனகண்ணை, மச்சான். டென்மார்க்கிலை. முந்தநாள். நெஞ்சு நோ.”

“நல்ல மனுசன். அப்ப உன்ரை பெறாமகளின்ரை கலியாணம்?”

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், சுவர் நின்றது. கனகண்ணை செத்து எனக்குத் துடக்கென்றால், அதே வழியில் வந்த அண்ணைக்கும் துடக்கு. துடக்கு வீட்டில் தாலி கட்ட மாட்டார்கள். இந்த இடத்தில் பிரஷைக் கீழே வைப்பவன் புத்திசாலி. நான் இன்னொரு இழுவை இழுத்தேன்.

“அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லை. கலியாணம் முடியட்டும் எண்டு நான் தனிய மனசுக்குள்ளை வைச்சிருக்கிறன். நீயும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

சிவபாலன் சத்தியம் பண்ணினான். “நீ பெரிய மனுசன் மச்சான். செத்தாலும் சொல்லன்.”

நிம்மதியாக வந்து சாப்பிட்டேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், அன்றைக்கு வைத்த முருங்கைக்காய்க் கறி இன்னும் நினைவிருக்கிறது.

4

சிவபாலன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். தன் மனைவிக்கு மட்டும்தான் சொன்னான். மனைவிக்குச் சொல்வதை யாரும் ஒருத்தருக்குச் சொன்னதாகக் கொள்வதில்லை, நானும் கொள்வதில்லை. எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். அவன் மனைவி, மாப்பிள்ளையின் தாய்க்கு உடன்பிறந்த தங்கை.

அடுத்த நாள் காலையில் நான் தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க யாழ்ப்பாணம் போயிருந்தேன். பஸ்ஸால் இறங்கி வந்தால் படலையில் ஒரு ஓட்டோ நின்றது. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். மச்சாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துளசி கதவோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த உடனேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அண்ணை படியில் இருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. செய்தி கேட்டதும் எழும்பிப் போய் கிணற்றடியில் தலைக்கு வார்த்து முழுகிவிட்டு, உடுத்த ஈரத்தோடு வந்து அப்படியே இருந்துவிட்டாராம்.

“தம்பி,” என்றார் மாப்பிள்ளையின் தாய், “நீங்கள் மறைச்சது நல்ல மனசுக்குத்தான். உங்களிலை எங்களுக்கு ஒரு குறையுமில்லை. ஆனா நாளைக்கு எங்கடை வீட்டிலை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிறது சின்ன விஷயமே? காதிலை விழுந்த பிறகு தெரியாத மாதிரி உருக்கேலாது. முப்பத்தொண்டு கழியட்டும். மகன் பிறகு எப்ப வருவானோ, அதைப் பாத்துச் செய்வம்.”

துளசி உள்ளே போய்விட்டாள். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யோகன், நெஞ்சு நோ எண்டு சொல்லினம். கனக்க வருத்தப்பட்டவனோ? இல்லாட்டி உடனை போயிட்டானோ?”

மேடைக்குப் பயந்து ஒரு வசதிக்காகச் சாகடித்த மனிதனுக்கு, என் அண்ணை அரை மணித்தியாலமாக ஈரத்தோடு துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சட்டைப் பொதியைக் கீழே வைத்தேன்.

“அண்ணை, கனகண்ணை சாகேல்லை. நான் சொன்னது பொய்.”

யாரும் திடுக்கிடவில்லை. மாப்பிள்ளையின் தாய் இரக்கத்தோடு தலையாட்டினார். “பாருங்கோவன், கலியாணம் குழம்பப் போகுதெண்டு இப்ப இப்பிடிச் சொல்லுறார். பாவம்.”

“உண்மையாச் சாகேல்லை. ஆரணியாணை.”

“பிள்ளையிலை ஆணை போடாதேங்கோ தம்பி, அதுவும் துடக்கோடை,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

அண்ணை சொன்னார்: “எனக்காக ஒரு சாவை மறைக்காதை, யோகன். என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நிண்டாலும் பரவாயில்லை.”

உண்மை சொல்லச் சொல்ல நான் உத்தமனாகிக்கொண்டே போனேன். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அதுவரை எவருக்கும் சொல்லாதது. “அண்ணை, நான் மாஸ்ரர் இல்லை. நான் அங்கை பள்ளிக்கூடம் கூட்டிக் கழுவுறனான். சிவபாலன் மேடையிலை ஏறி இங்கிலீசு பேசச் சொன்னவன். அதுக்குப் பயந்துதான் கனகண்ணையைச் சாகடிச்சனான்.”

 மச்சாள் எழும்பினார்.

“துக்கத்திலை ஆளுக்கு மூளை குழம்பிப்போச்சு. பொறுங்கோ, ஒரு தேத்தண்ணி கொண்டு வாறன்.”

டெரிக்குக்கு இந்த இடத்தை விளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருடைய மூலையில் பெயின்ட் காய்ந்தால் எழும்பி வரலாம். எங்களுடைய மூலையில், வாசல்வரை நடந்து வந்தாலும் உன் காலடியை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

5

கனகண்ணையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் எங்கள் வீட்டில் ஒருவரிடமும் இல்லை. அண்ணையிடம் இருந்தது கிணற்றுச் சண்டையோடு கிழிபட்டது. நான் பயத்தில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூடச் சொன்னதில்லை, அண்ணைக்குத் தெரிந்தால் கோபிப்பார் என்று.

அப்போதுதான் ஆரணி நித்திரை முறிந்து வந்தாள். அவளுக்கு இன்னும் லண்டன் நேரம்தான்.

“ஏன் எல்லாரும் அழுகினம்? ஆர் செத்தது?”

“டென்மார்க் பெரியப்பா,” என்றார் மச்சாள்.

“கனகு பெரியப்பாவோ? அவர் நேத்துக் கேக் வெட்டினவர்.” தொலைபேசியை நீட்டினாள். தலையில் காகிதத் தொப்பியோடு கனகண்ணை மெழுகுதிரியை ஊதிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சாகடித்த திகதிக்கு இரண்டு நாள் கழித்து.

“உனக்கு எப்பிடி உது?” என்றேன்.

“மாயா போட்டது. அவரின்ரை மகள். நாங்கள் சின்னனிலையிருந்து கதைக்கிறனாங்கள்.” எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “கதைக்கக் கூடாதோ? நீங்கள் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே.”

உண்மைதான். சீதனமாகக் கொடுக்க நாங்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன சண்டையைப் பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் சொல்ல மறந்துவிட்டோம். இத்தனை வருடம் அவளுக்குத் தமிழ் போதாதென்று கவலைப்பட்ட நான், முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னேன்.

மாப்பிள்ளையின் தாய் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “படம் பழசாயும் இருக்கலாம்,” என்றார்.

ஆரணி வீடியோ அழைப்பை எடுத்தாள். டென்மார்க்கில் விடிந்துகொண்டிருந்தது. மாயா தொலைபேசியைக் கொண்டுபோய்க் குளியலறைக் கதவைத் தட்ட, கனகண்ணை திறந்தார். பாதிக் கன்னம் வழித்திருந்தது. பாதியில் சவர நுரை.

“கனகண்ணை, நான் யோகன்.”

அவர் முகம் மாறியது. “யோகனோ? ஆருக்கு என்னடாப்பா?”

வெளிநாட்டில் இருக்கும் எவனும் விடியற்காலை அழைப்புக்கு அப்படித்தான் பதில் சொல்வான். “ஆருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. உங்களுக்குத்தான். நீங்கள் மூண்டு நாளைக்கு முன்னம் மோசம் போயிட்டியள்.”

அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் தாய் முன்னால் குனிந்தார். “தம்பி, உங்கடை முழுப்பேர் என்ன? தகப்பன்ரை பேர்? பிறந்த இடம்?” கனகண்ணை அகதி விண்ணப்பம் முதல் குடியுரிமைவரை எத்தனை மேசைகளின் முன்னால் இருந்து பழகிய மனிதர். ஏன் என்று கேட்காமல் நிமிர்ந்து நின்று, நுரையோடு மூன்றுக்கும் பதில் சொன்னார். கேட்காமலே பிறந்த திகதியையும் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் மலர்ந்தது. “அப்ப நாளைக்குப் பொன்னுருக்கை வைப்பம்,” என்று ஓட்டோக்காரரைக் கூப்பிட எழும்பினார். உள்ளே துளசி விம்மி அழுவது கேட்டது. மச்சாள் ஓடினார்.

நான் கனகண்ணைக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். மேடை, பனர், நெஞ்சு நோ, ஒன்றையும் விடவில்லை. கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

“அண்ணை முழுகினவரோ?”

எனக்கு விளங்கவில்லை. “என்னண்ணை?”

“கிணத்துப் பிரச்சினையிலை கடைசியாக் கதைச்ச அண்டைக்கு அவர் சொன்னவர், நீ செத்துக் கிடந்தாலும் நான் உனக்கு முழுக மாட்டன் எண்டு. அதுதான் கேக்கிறன். செய்தி கேட்டு முழுகினவரோ, இல்லையோ?”

 அண்ணை படியிலிருந்து எழும்பி வந்தார். ஆரணியின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். வீடியோவில் கதைத்துப் பழக்கமில்லாதவர், முகத்துக்கு நேரே பிடிக்கத் தெரியாமல் தலையைக் குனிந்து, உச்சியை அதற்கு முன்னால் கொண்டுபோனார். ஈரம் சொட்டித் திரையில் விழுந்தது.

“பார்,” என்றார். “கேட்ட உடனை முழுகிப்போட்டன்.”

 கனகண்ணை துவாயை எடுத்துக் கன்னத்து நுரையைத் துடைத்தார். பிறகு நுரை இல்லாத பக்கத்தையும் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

“தலையைத் துவட்டுங்கோ அண்ணை,” என்றார். “தடிமன் பிடிக்கப்போகுது.”